கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஆற்றை உண்மையில் எப்படிக் காக்கிறது? (சிறு நகரங்கள்)

ஆற்றோரம்:
வணக்கம் நண்பர்களே. "நிலையம் கட்டியாகிவிட்டது, இனி ஆறு பிழைத்துக்கொள்ளும்" என்று ஒரு தரப்பு சொல்கிறது. "ஓடுகிற தண்ணீர் தானாகவே சுத்தமாகிவிடும், 50,000 பேர் வாழும் நகரத்துக்கு இவ்வளவு செலவு எதற்கு" என்று இன்னொரு தரப்பு கேட்கிறது. இரண்டு பதிலும் எனக்குப் போதவில்லை. நிலையத்துக்குள் என்ன நடக்கிறது, அதனால் ஆற்றில் இருக்கும் மீனுக்கு என்ன ஆகிறது என்று துறையில் இருப்பவர்கள் விளக்க முடியுமா? படம் போட்ட விளக்கங்கள் நிறையப் பார்த்துவிட்டேன். அவற்றில் தொட்டிகளின் பெயர்கள் இருக்கின்றன, ஆற்றைத்தான் காணோம்.

காற்றுத்தொட்டி:
நான் இந்த நிலையங்களில் ஆப்பரேட்டராக இருப்பவன். ஓடும் தண்ணீர் தானாகச் சுத்தமாகும் என்பது பொய் இல்லை. ஆனால் தன்னிடம் கரைந்திருக்கும் ஆக்சிஜனைச் செலவழித்துத்தான் ஆறு அந்த வேலையைச் செய்கிறது. கழிவை பாக்டீரியா தின்கிறது, தின்னும்போது ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. அந்த இழுப்பின் அளவைத்தான் பி.ஓ.டி. என்கிறோம்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நிலையங்களை வடிவமைப்பவர்கள் வழக்கமாக ஆளுக்கு ஒரு நாளைக்கு 60 கிராம் பி.ஓ.டி. என்று எடுப்பார்கள். 50,000 பேருக்கு 3,000 கிலோ. ஆளுக்கு 200 லிட்டர் என்று வைத்தால் கழிவுநீர் 1 கோடி லிட்டர், அதாவது லிட்டருக்கு 300 மி.கி. பி.ஓ.டி. இப்போது ஆற்றுப் பக்கம் பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 7.5 மி.கி. ஆக்சிஜன்தான் கரையும். பெரும்பாலான மீன்கள் நிம்மதியாக வாழ 5 மி.கி. ஆவது வேண்டும். ஆக, ஆறு விட்டுக்கொடுக்கக் கூடியது லிட்டருக்கு 2.5 மி.கி. மட்டுமே. 3,000 கிலோவை அப்படியே திறந்துவிட்டால் அதைத் தாங்க ஒரு நாளைக்கு 120 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். விநாடிக்குக் கிட்டத்தட்ட 14,000 லிட்டர்! காற்றிலிருந்து ஆற்றில் புதிதாகக் கரையும் ஆக்சிஜனையும் சேர்த்தால் இந்தக் கணக்கு ஓரளவு தளரும், உண்மைதான். ஆனாலும் கோடையில் ஒரு சிறு ஆற்றில் அவ்வளவு தண்ணீர் ஓடாது.

நிலையம் அதே நீரை லிட்டருக்கு 20 மி.கி. பி.ஓ.டி.க்கு இறக்கிவிட்டால் 3,000 கிலோ 200 கிலோவாகிறது. விநாடிக்கு 1,000 லிட்டருக்கும் குறைவாக ஓடும் ஆறுகூட அதைத் தாங்கிவிடும். நிலையம் செய்கிற முதல் காவல் இதுதான்.

ஆற்றோரம்:
இப்படி யாரும் எனக்குக் கணக்கு போட்டுக் காட்டியதில்லை. மிக்க நன்றி சார். அந்த 3,000 கிலோ 200 ஆவது எந்த இடத்தில்?

காற்றுத்தொட்டி:
பெரும்பகுதி ஒரே இடத்தில். முன்னால் இருப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பிச் சல்லடையில் துணி, பிளாஸ்டிக், ஈரத் துடைப்பான்கள் எல்லாம் நிற்கும். அப்புறம் மணல் படியும் தொட்டி. அதன் பிறகு முதல்நிலைக் கிளாரிஃபையரில், அதாவது நீரைத் தெளியவைக்கும் தொட்டியில், நீர் மெதுவாக நகரும்போது அதில் கலந்து மிதக்கும் திடப்பொருளில் பாதிக்கு மேல் கீழே படிந்துவிடும், பி.ஓ.டி.யில் மூன்றில் ஒரு பங்கு அதோடு போய்விடும்.

மிச்சத்தைப் பார்த்துக்கொள்வது ஏரேஷன் டேங்க், அதாவது காற்றூட்டும் தொட்டி. ஆற்றில் இருக்கிற அதே வகை பாக்டீரியாக்கள்தான் இங்கேயும் வேலை செய்கின்றன. ஆனால் கூட்டம் மிக மிக அடர்த்தி, லிட்டருக்கு 2,000 முதல் 4,000 மி.கி. வரை. இந்த பாக்டீரியாத் திரளைத்தான் கசடு என்கிறோம். அடியிலிருந்து ப்ளோயர் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும், ஆக்சிஜனை 2 மி.கி. அளவில் பிடித்து வைப்போம். ஆற்றில் பல கிலோமீட்டர் தூரம் நாள்கணக்கில் நடக்கும் வேலை இங்கே 6, 8 மணி நேரத்தில் முடிகிறது. ஆறு கொடுக்க வேண்டிய ஆக்சிஜனை மின்சாரம் செலவழித்து நாம் கொடுக்கிறோம். நிலையத்தின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் இந்தக் காற்றுக்குத்தான் போகும்.

இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 1914-இல் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டனும் வில்லியம் லாக்கெட்டும் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் முறை முழுதாகச் சுத்தமாக வாரக்கணக்கில் ஆனது. அடியில் படிந்த கசடைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு அதன்மேல் புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். திரும்பத் திரும்ப இப்படிச் செய்யச் செய்ய நேரம் குறைந்துகொண்டே வந்து ஒரு நாளுக்குள் வந்துவிட்டது. நூறு வருடம் தாண்டியும், ஏரேஷனுக்குப் பிறகு கசடு படியும் இரண்டாம்நிலைக் கிளாரிஃபையரின் அடியிலிருந்து கசடை எடுத்து ஏரேஷன் டேங்குக்குத் திருப்பி அனுப்புகிறோமே, அது அவர்கள் கற்றுக்கொடுத்ததுதான்.

கயல்:
நான் ஆற்றுச் சூழலியல் படிக்கிறேன். காற்றுத்தொட்டி அண்ணா சொன்ன கணக்கோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கழிவு கலக்கும் இடத்திலேயே ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பாக்டீரியா தின்னத் தொடங்கி வேகம் பிடிக்க நேரம் ஆகும், தண்ணீர் அதற்குள் ஓடிவிடும். எனவே ஆக்சிஜன் மெல்ல மெல்லக் குறைந்து, குழாய்க்கு வெகு தூரம் கீழே அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு காற்றிலிருந்து கரையும் ஆக்சிஜனால் மேலே ஏறும். இதை 1925-இல் ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் இருவரும் அமெரிக்காவின் ஓஹையோ ஆற்றை ஆராய்ந்து சமன்பாடாக எழுதினார்கள். குழாய் வாயில் மட்டும் மாதிரி எடுத்து "ஆறு நன்றாக இருக்கிறது" என்று சொல்லவே கூடாது. பாதிப்பு அடுத்த கிராமத்தில் இருக்கலாம்.

தெளிநீர்:
வடிவமைப்புப் பக்கம் இருப்பவன் நான். கயல் சொன்னதை ஒட்டி, அந்த "20 மி.கி." எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். கழிவுநீரை அகற்றுவது பற்றி ஆராய்ந்த பிரிட்டனின் அரச ஆணையம் 1912-இல் தந்த அறிக்கையில் பி.ஓ.டி. 20, மிதக்கும் திடப்பொருள் 30 என்று பரிந்துரைத்தது. அதற்குப் பின்னால் இருந்த தர்க்கம் எளிமையானது. ஆற்றின் பி.ஓ.டி. 4 மி.கி.யைத் தாண்டக் கூடாது. கழிவுநீரைப் போல 8 மடங்கு ஆற்று நீர் ஓடுகிறது, அதன் பி.ஓ.டி. 2. இப்போது 20-உடன் எட்டு இரண்டு பதினாறைக் கூட்டுங்கள், 36. ஒன்பதால் வகுத்தால் 4.

இதைக் கவனித்தீர்களா? அந்த எண் எட்டு மடங்கு நீர் ஓடும் ஆற்றுக்குப் போட்ட எண். கோடையில் ஓடுவதில் பாதியே நிலையத்தின் நீர்தான் என்று இருக்கும் ஆற்றுக்கு அதே 20-ஐ வைத்தால் ஆற்றின் பி.ஓ.டி. 11 ஆகிவிடும். பெரிய ஆற்றங்கரையில் இருக்கும் பெருநகரத்தைவிடச் சிற்றாற்றங்கரையில் இருக்கும் சிறு நகரத்துக்குத்தான் கடுமையான தரம் வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் தலைகீழாக இருக்கிறது, சிறிய நிலையம் என்று சலுகை கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

கரைநாணல்:
எல்லாம் சரி. ஆனால் நிலையத்தின் அறிக்கையில் பி.ஓ.டி. 15, 18 என்று அழகாக இருக்கும், ஆற்றில் மீன் செத்து மிதக்கும். இதையும் பார்த்திருக்கிறோம். அதற்கு என்ன பதில்?

காற்றுத்தொட்டி:
நியாயமான கேள்வி ஐயா. முதலில் சந்தேகப்பட வேண்டியது அம்மோனியாவை. சிறுநீரில் இருக்கும் நைட்ரஜன் குழாயில் வரும்போதே அம்மோனியாவாக மாறிவிடும். சாதாரண 5 நாள் பி.ஓ.டி. சோதனை அதை முழுதாகக் காட்டாது. ஆனால் ஆற்றில் ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். லிட்டருக்கு 30 மி.கி. அம்மோனியா நைட்ரஜன் வெளியே போனால் அது மட்டுமே 137 மி.கி. ஆக்சிஜனைக் கேட்கும். அதற்கு முன்னால் 15, 18 எல்லாம் ஒன்றுமே இல்லை.

கயல்:
அதோடு அம்மோனியா நேரடி நஞ்சும்கூட. நீரில் அது இரண்டு வடிவத்தில் இருக்கும். அம்மோனியம் அயனி அவ்வளவு கெடுதல் இல்லை, அயனியாகாத அம்மோனியாதான் மீனின் செவுளைத் தாக்கும். 25 டிகிரியில் பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 7 என்றால் மொத்தத்தில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல்தான் நஞ்சு வடிவம். பி.எச். 8 என்றால் சுமார் 5 சதவீதம். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பாசி நிறைந்த ஆற்றில் வெயில் ஏற ஏறப் பாசி கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளும், பி.எச். ஏறும். காலையில் மீனைக் கொல்லாத அதே அம்மோனியா பிற்பகலில் கொல்லும். ஐயா பார்த்தது இதுவாகவும் இருக்கலாம்.

கரைநாணல்:
அப்படியானால் அம்மோனியாவையும் எடுக்கச் சொல்ல வேண்டியதுதானே? ஏன் எடுப்பதில்லை?

காற்றுத்தொட்டி:
எடுக்க முடியும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் மிக மெதுவாகப் பெருகுபவை. கசடை வேகமாக வெளியே எடுத்தால் அவை பெருகுவதற்கு முன்னாலேயே வெளியேறிவிடும். எனவே கசடைச் சராசரியாக எத்தனை நாள் உள்ளே வைத்திருக்கிறோம் என்பது முக்கியம். வெப்பமான இடத்தில் சில நாட்கள் போதும், குளிரில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு வேண்டும். அதற்கு டேங்க் பெரிதாக இருக்க வேண்டும், காற்றும் கூடுதலாக வேண்டும்.

இங்கே மனம் நொந்து ஒன்றைச் சொல்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிலையத்தில் மின்கட்டணத்தைக் குறைப்பதற்காக இரவில் ப்ளோயர்களை நிறுத்தச் சொன்னார்கள். பி.ஓ.டி. பெரிதாக மாறவில்லை, மேலே இருப்பவர்களுக்குச் சந்தோஷம். அம்மோனியா மட்டும் கிடுகிடுவென்று ஏறியது. அறிக்கையில் அம்மோனியாவுக்குக் கட்டமே இல்லாததால் யாரும் கேட்கவில்லை. ஆறு அதை வாங்கிக்கொண்டது.

தெளிநீர்:
மின்சாரத்தை மிச்சப்படுத்த நேர்மையான வழி இருக்கிறது. ஏரேஷனுக்கு முன்னால் காற்றில்லாத ஒரு பகுதியை வைத்து, நைட்ரேட் உள்ள நீரை அங்கே திருப்பி அனுப்பினால், பாக்டீரியா அந்த நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக் கழிவைத் தின்னும். 4.57-இல் 2.86 வரை திரும்பக் கிடைக்கும். நைட்ரஜன் வாயுவாகக் காற்றோடு போய்விடும், ஆற்றுக்கு நைட்ரேட்டும் குறையும். புதிதாகக் கட்டும் எந்த நிலையத்திலும் இது இல்லாமல் இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஆற்றோரம்:
கயல் சொன்ன பாசியைப் பற்றி இன்னும் கொஞ்சம். சுத்திகரித்த நீர் கலக்கும் இடத்துக்குக் கீழே ஆறு பச்சையாக இருப்பது ஏன்?

கயல்:
பெரும்பாலும் பாஸ்பரஸ். நன்னீரில் பாசிக்குப் பற்றாக்குறையாக இருக்கும் சத்து பல இடங்களில் அதுதான். கனடாவின் ஒன்டாரியோவில் 226 என்று எண்ணிட்ட ஏரியை 1973-இல் டேவிட் ஷிண்ட்லரின் குழு நடுவில் திரை போட்டு இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் மட்டும். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போட்ட பக்கம் மட்டும் பச்சையானது. மேலிருந்து எடுத்த புகைப்படத்தைப் பார்த்தால் வேறு விளக்கமே வேண்டாம்.

ஒரு கிராம் பாஸ்பரஸ் சுமார் 100 கிராம் பாசியை வளர்க்கும். அந்தப் பாசி செத்து மக்கும்போது திரும்பவும் ஆக்சிஜன் போகும். நாம் கஷ்டப்பட்டு பி.ஓ.டி.யை எடுத்துவிட்டு பாஸ்பரஸை விட்டால், ஆறு வெயிலைக் கொண்டு அந்த பி.ஓ.டி.யைத் திரும்ப உண்டாக்கிவிடும்.

தெளிநீர்:
எடுப்பது கஷ்டம் இல்லை. ஃபெரிக் குளோரைடோ படிகாரமோ சேர்த்தால் பாஸ்பரஸ் திடமாகிக் கசடோடு படியும். கசடு கூடும், ரசாயனச் செலவு தொடரும், அவ்வளவுதான்.

பெருமழை:
இவ்வளவும் வெயில் காலத்துக் கதை. மழை பெய்தால்?

காற்றுத்தொட்டி:
மழைதான் எங்கள் எல்லோருக்கும் பயம். மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் வரும் பழைய அமைப்புகளில் வரத்து பல மடங்கு கூடும், நிலையத்தால் வாங்க முடியாதது சுத்திகரிக்காமலே ஆற்றுக்குத் திறக்கும். குழாய்கள் தனித்தனியாக இருந்தாலும் உடைந்த மேன்ஹோல், கசியும் இணைப்புகள், மொட்டைமாடி நீரைச் சாக்கடையில் விடும் வீடுகள் வழியாக மழைநீர் உள்ளே வந்துவிடும்.

வெளியே வழிவதைவிட நான் அஞ்சுவது ஒன்று உண்டு. வேகமாக வரும் நீர் ஏரேஷன் டேங்கில் இருக்கும் கசடு முழுவதையும் கிளாரிஃபையருக்குத் தள்ளி, அங்கிருந்து ஆற்றுக்கு அடித்துக்கொண்டு போய்விடும். பாக்டீரியாக் கூட்டமே போய்விட்டால் மழை நின்ற பிறகும் வாரக்கணக்கில் நிலையம் வேலை செய்யாது. அதனால் மழை வலுக்கும்போது வரும் நீரை டேங்கின் தொடக்கத்தில் விடாமல் கடைசிப் பகுதியில் விடுவோம். கசடு முன்பகுதியில் பத்திரமாக இருக்கும். அன்றைக்குச் சுத்திகரிப்பு கொஞ்சம் குறையும், ஆனால் மறுநாள் நிலையம் உயிரோடு இருக்கும். இதற்கு ஒரு வால்வும் விழித்திருக்கும் ஒரு ஆளும் போதும்.

கரைநாணல்:
ஆப்பரேட்டர் தம்பி, கசடு கசடு என்கிறீர்கள். அது கடைசியில் எங்கே போகிறது?

காற்றுத்தொட்டி:
ஐயா, இந்த இழையில் எனக்கு முக்கியமாகப் படுகிற கேள்வி இதுதான். பாக்டீரியா ஒரு கிலோ பி.ஓ.டி.யைத் தின்றால் அரை கிலோ அளவுக்குப் புதிய பாக்டீரியா வளரும். நம் 50,000 பேர் நகரத்துக்கு ஏரேஷன் பகுதியில் மட்டும் காய்ந்த எடையில் நாளுக்கு ஒரு டன் போல. தண்ணீரோடு பார்த்தால் அதைப்போல நூறு மடங்கு. முதல்நிலைக் கசடு தனி. இதைத் தினமும் வெளியே எடுத்துச் செரிக்க வைத்து, நீரை வடித்து, உலர்த்தி, ஏதாவது ஓரிடத்தில் சேர்த்தாக வேண்டும். காற்றில்லாத டைஜஸ்டரில் 35 டிகிரியில் மூன்று வாரம் போல வைத்தால் மீத்தேன் கிடைக்கும், அதில் மின்சாரமும் எடுக்கலாம்.

எடுக்காவிட்டால்? உலர்களம் நிரம்பிவிட்டது, லாரி வரவில்லை, பிழிகிற எந்திரம் பழுது என்று காரணம் எதுவாக இருந்தாலும் கசடு உள்ளே சேர்ந்துகொண்டே போகும். ஒருநாள் கிளாரிஃபையரின் விளிம்பைத் தாண்டி ஆற்றில் விழும். பெரும்பாலும் இரவில், வரத்து கூடும் மணியில். மாதிரி எடுப்பவர் பகலில் வருவார், தெளிந்த நீரை எடுத்துக்கொண்டு போவார். கசடை வெளியேற்றாத நிலையம் அதை ஆற்றுக்குத்தான் அனுப்புகிறது, மூன்றாவது வழி கிடையாது. எந்த நிலையத்தைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது கசடு வெளியே போன கணக்கைத்தான். மற்ற எல்லா எண்களையும் அழகாக எழுதிவிட முடியும். 1,000 கிலோ கசடு உண்டாக வேண்டிய இடத்தில் 200 கிலோதான் வெளியே போயிருக்கிறது என்றால் மீதி எங்கே?

தெளிநீர்:
நூற்றுக்கு நூறு உண்மை. இதனால்தான் நிலம் இருக்கும் சிறு நகரங்களுக்குக் குளங்களைப் பரிந்துரைக்கிறேன். வரிசையாகக் குளங்கள், முதலில் ஆழமானது, பிறகு ஆழம் குறைந்தவை, மொத்தம் இரண்டு மூன்று வாரம் நீர் தங்கும். ப்ளோயர் இல்லை. கசடைப் பல வருடங்களுக்கு ஒருமுறை எடுத்தால் போதும். குடற்புழு முட்டைகள் படிந்துவிடுவதால் பாசனத்துக்கு நல்லது. லிட்டருக்கு ஒரு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவைக் குளங்கள் எளிதாக எட்டும்.

கயல்:
ஆனால் குளத்திலிருந்து வரும் நீர் பாசியோடு வருகிறதே. பாஸ்பரஸும் அதிகம் குறையாது. வயலுக்கு விட்டால் சரி. நீரோட்டம் குறைந்த ஆற்றுக்கு விடுவதை நான் ஏற்க மாட்டேன்.

தெளிநீர்:
சரி, அதை ஏற்கிறேன். வயலுக்கு என்றால் குளம், சிற்றாற்றுக்கு என்றால் நைட்ரஜனும் பாஸ்பரஸும் எடுக்கும் நிலையம். அந்த நிலையத்தை நடத்த ஆளும் மின்சாரமும் உறுதியாக இருக்க வேண்டும்.

ஆற்றோரம்:
கடைசியில் குளோரின் போடுகிறார்களே, அது ஆற்றுக்கு நல்லதா?

கயல்:
கீழே குளிப்பவருக்கும் குடிநீர் எடுப்பவருக்கும் கிருமி குறைவது நல்லது. மீனுக்குக் குளோரின் நஞ்சு. நீண்ட நாள் இருந்தால் லிட்டருக்கு நூறில் ஒரு பங்கு மில்லிகிராம்கூடத் தீங்குதான். அதனால் வெளியே விடுமுன் சோடியம் பைசல்ஃபைட் போன்றவற்றால் மிச்சக் குளோரினை நீக்க வேண்டும். புற ஊதா விளக்கு இன்னும் மேல், எச்சம் எதுவும் விடாது. ஆனால் நீர் தெளிவாக இருந்தால்தான் ஒளி உள்ளே போகும். கிளாரிஃபையர் சரியில்லாத இடத்தில் அது வீண்.

மாத்திரை மருந்துகளையும் சொல்லிவிடுகிறேன். டைக்ளோஃபெனாக், கார்பமசெபைன் போன்றவை இந்தத் தொட்டிகளைப் பெருமளவு தாண்டிப் போய்விடும். ஓசோனோ செயலூட்டிய கரியோ வேண்டும். சுவிட்சர்லாந்து 2016 முதல் தேர்ந்தெடுத்த நிலையங்களில் இதைச் சட்டமாகவே கொண்டுவந்தது. அம்மோனியாவையே எடுக்காத இடத்தில் இதை இப்போது பேசுவது சீக்கிரம் என்றுதான் நினைக்கிறேன்.

ஆற்றோரம்:
எல்லோருக்கும் நன்றி. ஒரு சாதாரண ஆள் தன் ஆறு காக்கப்படுகிறதா என்று எதை வைத்துப் பார்க்கலாம்?

காற்றுத்தொட்டி:
நிலையத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். போன மாதம் கசடு எத்தனை டன் வெளியே போனது, எங்கே போனது? வெளியேறும் நீரில் அம்மோனியா எவ்வளவு? மின்சாரம் நின்றால் ப்ளோயர் ஜெனரேட்டரில் ஓடுமா? தயங்காமல் பதில் வந்தால் அங்கே நல்ல ஆள் இருக்கிறார்.

கயல்:
ஆற்றில் குழாய்க்கு மேலே ஓரிடம், நன்கு கலந்த பிறகு ஓரிடம், இன்னும் சில கிலோமீட்டர் கீழே ஓரிடம் என்று பாருங்கள். கல்லைப் புரட்டினால் மேலே ஆக்சிஜன் நிறைய வேண்டிய மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை பூச்சிகளின் இளம்புழுக்கள் இருந்து, கீழே ஆக்சிஜன் குறைந்தாலும் தாங்கும் சிவப்புப் புழுவும் டியூபிஃபெக்ஸ் என்ற சேற்றுப் புழுவும் மட்டும் இருந்தால் ஆக்சிஜன் அங்கே தொடர்ந்து குறைகிறது என்று பொருள். லேப் மாதிரி அந்த ஒரு நொடியைக் காட்டும், பூச்சிகள் பல மாதங்களைக் காட்டும். ஆக்சிஜன் மீட்டர் கிடைத்தால் விடிவதற்குச் சற்று முன்னால் அளந்து பாருங்கள். இரவெல்லாம் பாசியும் மூச்சு விடுவதால் அப்போதுதான் மிகக் குறைவாக இருக்கும். பகல் 11 மணிக்கு அளந்தால் பாசி உண்டாக்கிய ஆக்சிஜனையும் சேர்த்து மீட்டர் 9, 10 என்றுகூடக் காட்டும், அதை நம்ப வேண்டாம்.